ஒரு காதில் கேட்பதும் இரு காதில் கேட்பதும்

இடது காது கேட்காமல் போனதிலிருந்து நான் அதிகம் கேட்ட ஆறுதல் வார்த்தை, "இன்னொரு காது நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்ன?" என்பதுதான். சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஒரு காது போனால் சத்தம் பாதியாகக் குறையும், மற்றபடி எல்லாம் பழையபடி இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

உண்மையில் சத்தம் அவ்வளவாகக் குறையவில்லை. மிக மெல்லிய ஒலிகளைக் கேட்பதில் இரண்டாவது காது கூடுதலாகத் தருவது சுமார் 3 டெசிபல்தான் (டெசிபல் என்பது ஒலியின் பலத்தை அளக்கும் அலகு). அமைதியான அறையில் ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசினால் இன்றும் எனக்கு ஒரு சொல் தப்பாது. போனது வேறு. ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லும் திறமை போய்விட்டது. பத்து சத்தத்துக்கு நடுவே ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்கும் திறமையும் பெருமளவு போய்விட்டது. இந்த இரண்டும் வலது காதிலும் கிடையாது, இடது காதிலும் கிடையாது. இரண்டும் கேட்டதை ஒப்பிட்டு மூளை போடும் கணக்கில் இருக்கின்றன. ஒப்பிட ஒன்றுதான் இருக்கிறது என்றால் கணக்கே கிடையாது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு அன்றாட வாழ்க்கையை மாற்றி அமைக்க வழி தெரிந்தது. அதனால் அந்தக் கணக்கையும், நான் கண்டுகொண்ட வழிகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், காது போன விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது யாருக்கு வேண்டுமானாலும் நடக்கலாம். தெரிந்திருந்தால் சிலருக்குக் காது பிழைக்கும்.

ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடது காது அடைத்துக்கொண்டிருந்தது. கூடவே 'ஙொய்' என்று விடாத இரைச்சல். சளி, அல்லது காதழுக்கு என்று நினைக்கத் தோன்றும் அறிகுறிதான். ஆனால் முன்பு எங்கோ படித்த ஒரு சோதனை நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பார்த்தேன். ஒலி வலது பக்கம், அதாவது நல்ல காதில், பலமாகக் கேட்டது. வெறும் அடைப்பாக இருந்தால் அடைத்த காதில்தான் அது பலமாகக் கேட்க வேண்டும். (ஒரு காதை விரலால் மூடிக்கொண்டு முனகிப் பாருங்கள், மூடிய பக்கம் ஒலி போகும்.) நல்ல காதின் பக்கம் ஒலி ஒதுங்கினால் உள்காதிலோ செவி நரம்பிலோ கோளாறு இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். டாக்டர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே சோதனைதான். வீட்டில் செய்வது முடிவு சொல்லாது, டாக்டரிடம் ஓடு என்று சொல்லும். அவ்வளவுதான்.

அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தேன். ஆடியோகிராம், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை, எடுத்தார்கள். மூன்று நாளுக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் 30 டெசிபலோ அதற்கு மேலோ கேட்கும் திறன் குறைந்தால் அதைத் திடீர் செவித்திறன் இழப்பு என்கிறார்கள். பெரும்பாலோருக்குக் காரணம் தெரிவதில்லை, எனக்கும் தெரியவில்லை. நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்ய எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள், அப்புறம் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். இந்த நோய் வந்தவர்களில் கணிசமான பேருக்கு ஓரளவோ முழுமையாகவோ கேட்கும் திறன் திரும்பிவிடும். எனக்குத் திரும்பவில்லை. சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம். எனவே ஒரு காது திடீரென்று மந்தமானால் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சிகிச்சை எல்லாம் ஓய்ந்து வீட்டில் இருந்தபோது எனக்கு முதலில் உறைத்தது கைபேசி மணி. எந்த அறையில் வைத்திருந்தாலும் அது எனக்கு வலப்பக்கமே ஒலித்தது. சத்தம் தெளிவாகக் கேட்கிறது, யார் அழைக்கிறார்கள் என்பதுகூட ரிங்டோனை வைத்துத் தெரிகிறது, போனை எடுக்கத்தான் முடியவில்லை. வலப்பக்கம் திரும்பினால், மணியும் என்னோடு திரும்பி மறுபடி வலப்பக்கம் போய் நின்றது. இரண்டு காது இருந்த காலத்தில் இதை ஒரு திறமை என்றுகூட நான் எண்ணியதில்லை.

அந்தத் திறமையின் நுணுக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். வலப்பக்கத்தில் ஒருவர் கை தட்டுகிறார். ஒலி முதலில் வலது காதைத் தொடுகிறது. பிறகு தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்கு வருகிறது. அறை வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். தலையோ சிறியது. ஆகவே ஒலி நேர் பக்கவாட்டிலிருந்து வந்தால்கூட இரண்டு காதுக்கும் இடையிலான தாமதம் நொடியை ஒரு லட்சம் கூறாக்கினால் அதில் சுமார் 65 கூறுதான். பயிற்சி உள்ளவர்கள் அதில் ஒரே ஒரு கூறு அளவு வித்தியாசத்தைக்கூட உணர்கிறார்கள் என்பது ஆய்வுக்கூடங்களில் பலமுறை அளந்து பார்த்த உண்மை. அதனால்தான் நேரெதிரே இருக்கும் ஒலி ஒரு டிகிரி நகர்ந்தாலே நமக்குத் தெரிகிறது. கையை முழுதாக நீட்டி, சுண்டு விரலைப் பாருங்கள். அதன் அகலம்தான் ஒரு டிகிரி. பக்கவாட்டில் இந்தக் கூர்மை குறைந்துவிடும். அதனால்தான் ஏதாவது சத்தம் கேட்டதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்புகிறோம். கண்ணால் பார்ப்பதற்காக மட்டும் திரும்புவதில்லை, காது கூர்மையாக இருக்கும் திசைக்கு அந்தச் சத்தத்தைக் கொண்டுவரவும்தான்.

இந்தத் தாமதத்தை மூளைத்தண்டில் இரு காதின் நரம்புச் செய்திகளும் முதன்முதலாகச் சந்திக்கும் இடத்தில் உள்ள நரம்பணுக்கள் அளக்கின்றன. லாயிட் ஜெஃப்ரஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948-ல் இதற்கு ஒரு மாதிரி சொன்னார்: நரம்பிழைகளின் நீள வித்தியாசமே கடிகார வேலை செய்கிறது, இரு பக்கச் செய்தியும் எந்த அணுவில் ஒரே நேரத்தில் வந்து சேர்கிறதோ அந்த அணு திசையைச் சொல்லிவிடும் என்று. பின்னாளில் கூகை ஆந்தையின் மூளையில் ஏறக்குறைய அப்படியே ஒரு அமைப்பைக் கண்டார்கள். மனிதர் உள்ளிட்ட பாலூட்டிகளிலும் அதே ஏற்பாடுதானா என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது. கூகைக்கு இன்னொரு வசதியும் உண்டு: அதன் காதுகளில் ஒன்று சற்று மேலே, மற்றொன்று சற்றுக் கீழே. அதனால் கும்மிருட்டில் எலியின் சலசலப்பை வைத்தே இடம் வலத்தோடு மேல் கீழும் கணக்கிட்டுப் பிடித்துவிடும்.

தாமதம் மட்டும் போதாது. ராலே பிரபு, ஆர்கான் வாயுவுக்காக 1904-ல் நோபல் பரிசு வாங்கிய அதே இயற்பியலாளர், 1907-ல் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். தாழ்ந்த சுருதி ஒலிகளின் அலை நீளமானது. 500 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 500 முறை அதிரும் ஒலி அலையின் நீளம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். அது தலையைப் பொருட்படுத்தாமல் வளைந்து போய்விடும், இரு காதிலும் பலம் ஒன்றுதான், நேரம் மட்டும் வேறுபடும். உயர்ந்த சுருதிக்கு அலை குட்டையானது. 6,000 ஹெர்ட்ஸில் ஆறு சென்டிமீட்டர்கூட இல்லை. அதற்குத் தலை ஒரு தடுப்பு. மறுபக்கக் காதில் தலையின் நிழல் விழுந்து ஒலி 20 டெசிபல் வரைகூடக் குறைந்து போகும். ஆக, தாழ்ந்த ஒலிக்கு நேர வித்தியாசம், உயர்ந்த ஒலிக்குப் பலத்தின் வித்தியாசம். இரண்டுக்கும் எல்லை ஏறக்குறைய 1,500 ஹெர்ட்ஸ்.

இந்தத் தலை நிழல் விஷயம் ஒற்றைக் காதுக்காரருக்கு மிக முக்கியமானது. பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த சுருதிகளில் இருக்கிறது, ச, ஸ, ஃப போன்ற உரசும் ஒலிகள் உயர்ந்த சுருதியில். என் இடப்பக்கம் நின்று ஒருவர் பேசினால் உயிரெழுத்துகள் தலையைச் சுற்றி வலது காதுக்கு வந்துவிடும், உரசும் ஒலிகள் நிழலில் மாட்டிக்கொள்ளும். 'சாவி எங்கே' என்பது 'ஆவி எங்கே' என்று வந்து சேரும். பேசுகிறவருக்கோ தான் சத்தமாகத்தான் பேசினோம் என்று நிச்சயமாகத் தெரியும். அவர் இன்னும் சத்தமாகப் பேசுவார், அதில் கூடுவதும் பெரும்பாலும் உயிரெழுத்துதான். அந்த நேரத்தில் "சத்தமா சொல்லுங்க" என்று கேட்பதைவிட, தலையைத் திருப்பி வலது காதைக் காட்டுவதே பலன் தருகிறது. இப்போது அது எனக்குத் தானாகவே வந்துவிட்டது.

இரண்டு காது உள்ளவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன், வீட்டில் யாரையாவது கூப்பிட்டு வைத்துச் செய்து பாருங்கள். நீங்கள் கண்ணை மூடி நாற்காலியில் உட்காருங்கள். அவர் ஒரு சாவிக்கொத்தை உங்களைச் சுற்றி அங்கங்கே வைத்து ஒரு முறை மட்டும் குலுக்கட்டும். நீங்கள் விரலால் காட்டுங்கள். பெரும்பாலும் சரியாகக் காட்டுவீர்கள். இப்போது சாவிக்குப் பதில் கைபேசியில் ஒற்றைச் சுருதியில் 'பீப்' என்ற ஒலியை வைத்து, தலையை அசைக்காமல் காட்டுங்கள். இடமா வலமா என்பது தெரியும், முன்னாலா பின்னாலா என்பதில் தடுமாறுவீர்கள். காரணம், நேர் முன்னாலும் நேர் பின்னாலும் இருக்கும் ஒலிகள் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே பலத்தில்தான் வருகின்றன. கணக்கில் வித்தியாசம் பூஜ்யம். அப்புறம் 'பீப்' தொடர்ந்து ஒலிக்கும்போதே தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்புங்கள். ஒலி முன்னால் இருந்தால் இப்போது இடது காதுக்குக் கிட்டத்தில் வரும், பின்னால் இருந்தால் வலது காதுக்கு. சந்தேகம் உடனே தீரும். ஹான்ஸ் வாலக் என்ற உளவியலாளர் 1940-ல் இதை ஆராய்ந்து விளக்கினார். மனிதர்கள் கேட்கும்போது தலையை ஆட்டிக்கொண்டே இருப்பதற்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது.

சாவிக்கொத்தில் மட்டும் எப்படி அசையாமலே முன்பின் தெரிந்தது? அது செவிமடலின் வேலை. வெளிக்காதின் மடிப்புகளில் பட்டு எதிரொலிக்கும்போது, 4,000, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளில் சில அடங்கி, சில எடுப்பாகின்றன. ஒலி மேலிருந்து வந்தால் ஒரு மாதிரி, கீழிருந்து வந்தால் ஒரு மாதிரி, பின்னாலிருந்து வந்தால் வேறு மாதிரி. சாவிக்கொத்தின் ஒலியில் எல்லாச் சுருதியும் கலந்திருப்பதால் இந்த மாற்றம் தெரிகிறது. ஒற்றைச் சுருதி 'பீப்'பில் ஒப்பிட எதுவும் இல்லை. 1998-ல் நெதர்லாந்தில் சிலருடைய செவிமடல்களில் அச்சுகளைப் பொருத்தி மடிப்புகளின் வடிவத்தையே மாற்றிப் பார்த்தார்கள். மேல் கீழ் கண்டுபிடிக்கும் திறன் உடனே கெட்டது. சில வாரங்கள் அதோடு நடமாடியதும் மூளை புதிய காதைக் கற்றுக்கொண்டது. அச்சை எடுத்த பிறகும் பழைய கணக்கு அப்படியே இருந்தது, அழியவில்லை. நான் இதைப் படித்தது சோர்ந்திருந்த ஒரு சமயத்தில். செவிமடல் கணக்குக்கு ஒரு காது போதும், அதை மூளை புதிதாகக் கற்கவும் செய்யும் என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை கொடுத்தது.

அந்த நம்பிக்கையில் உருவானதுதான் நான் இன்று போனைத் தேடும் முறை. நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுவேன். மணிச்சத்தம் ஓரிடத்தில் உச்சத்துக்கு வரும், அதோடு ஒரு பளிச்சென்ற தெளிவும் வரும், ஏனென்றால் உயர்ந்த சுருதிகள் நிழலை விட்டு வெளியே வந்துவிட்டன. சத்தத்தைவிட அந்தத் தெளிவைத்தான் நம்புகிறேன். அப்போது வலது தோள் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் சில அடி வைத்து, மறுபடி சுற்றுவேன். அருகில் போகப் போகச் சீக்கிரம் பிடிபடும். இதற்கு ரிங்டோனையும் மாற்றினேன். குழலோசை போல ஒரே சுருதியில் நீளும் மணி சுவரில் பட்டுப் பட்டு அறையெங்கும் ஒரே மாதிரி நிரம்பிவிடும். இப்போது வைத்திருப்பது தாளம் போடுகிற, சலசலக்கிற, விட்டு விட்டு ஒலிக்கிற ஒன்று. இரண்டு காது உள்ளவர்களுக்கும் இதே யோசனை உதவும். வீட்டுக்குள் புகுந்த சில்வண்டை யாராலும் சட்டென்று கண்டுபிடிக்க முடியாததற்குக் காரணமும் இதுதான்: குறுகிய, உயர்ந்த ஒற்றைச் சுருதி. பின்னோக்கி வரும் கனரக வண்டிகளில் 'பீப் பீப்' எச்சரிக்கைக்குப் பதில் 'ஷ்ஷ் ஷ்ஷ்' என்று இரையும் ஒலி வைக்கத் தொடங்கியிருப்பதும் திசை தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

வீட்டில் இன்னொரு ஏற்பாடும் செய்துகொண்டோம். "எங்கே இருக்கே?" என்று நான் கேட்டால் முன்பெல்லாம் மகள் "இங்கேதான்பா" என்று பதில் சொல்வாள். இரு காது உள்ளவருக்கு அதுவே போதும். எனக்குப் போதாது. இப்போது "மாடியில இருக்கேன்பா", "பின்பக்கம் இருக்கேன்பா" என்று இடத்தைச் சொல்கிறாள். கூப்பிடும்போதும் அப்படியே. சின்ன மாற்றம்தான், ஆனால் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்க்கும் அலைச்சல் நின்றது. ஒற்றைக் காதுக்காரர் உள்ள வீட்டில் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பேன்.

சரி, திசை ஒரு பக்கம். உண்மையில் என்னை அதிகம் களைப்படையச் செய்வது கூட்டம்.

நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில், மின்விசிறி, பாத்திரச் சத்தம், பக்கத்து மேசைப் பேச்சு எல்லாம் இருக்கும் இடத்தில், இரண்டு காது உள்ளவர்கள் ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடுகிறார்கள். காலின் செர்ரி என்ற பிரிட்டன் விஞ்ஞானி 1953-ல் இதை ஆராயத் தொடங்கினார். இது எப்படி முடிகிறது என்பதற்கு ஒரு பரிசோதனை இருக்கிறது, கேட்டால் நம்ப முடியாது. எனக்கு அதைக் கேட்கும் வழியில்லை, அதனால் மகளுக்கு ஹெட்போன் மாட்டிவிட்டு, கணினியில் நான் ஒலிகளைச் சேர்த்துக் கொடுத்தேன். முதலில் வலது காதில் மட்டும் 'ஷ்ஷ்' என்ற இரைச்சல். அதற்குள் 500 ஹெர்ட்ஸ் சுருதி ஒன்று விட்டு விட்டு. அந்தச் சுருதியின் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் "போயிடுச்சுப்பா, வெறும் இரைச்சல்தான்" என்றாள். இப்போது இடது காதிலும் அதே இரைச்சலைச் சேர்த்தேன், சுருதி இல்லாமல், இரைச்சல் மட்டும். அவள் கை சட்டென்று உயர்ந்தது. "வந்துடுச்சு! மறுபடி கேக்குது." இடது காதின் இரைச்சலை எடுத்தேன். கையைக் கீழே இறக்கினாள். திரும்ப வைத்தேன், உயர்த்தினாள்.

அதாவது இரைச்சலைக் கூட்டியதும் ஒளிந்திருந்த ஒலி வெளியே வந்தது. இடது காது அவளுக்குச் சுருதியைத் தரவில்லை. அது தந்தது இரைச்சலின் ஒரு பிரதி. மூளை இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, பொதுவாக இருப்பதைத் தள்ளிவிட்டு, மீதியைக் கேட்டது. 1948-ல் லிக்லைடர், ஹிர்ஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியே இதை வெளியிட்டார்கள். மிகச் சாதகமான அமைப்பில், அதாவது இரு காதிலும் ஒரே இரைச்சலும் சுருதியும் இருக்க, சுருதியின் அலையை மட்டும் ஒரு காதில் தலைகீழாக்கிக் கொடுத்தால், லாபம் சுமார் 15 டெசிபல். தொடக்கத்தில் சொன்ன 3 டெசிபலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அமைதியில் இரண்டாவது காதின் மதிப்பு குறைவு. இரைச்சலில் அதன் மதிப்பு மிகப் பெரிது. ஒரு காது நன்றாக இருக்கும் ஒருவரை அமைதியான அறையில் சோதித்துவிட்டு 'பிரச்சினை இல்லை' என்று சொல்வது எவ்வளவு தவறு என்பது இதிலேயே தெரியும்.

எதிரொலியும் இப்படித்தான். வெறும் சுவர்கள் உள்ள பெரிய அறையில் பேச்சு காதுக்கு ஒருமுறை நேரடியாகவும், சில மில்லிநொடி கழித்துப் பலமுறை சுவரில் பட்டும் வருகிறது. இரண்டு காது இருந்தால் முதலில் வந்ததை வைத்தே மூளை திசையை முடிவு செய்கிறது, பின்னால் வருவதை அடக்கிவிடுகிறது. இப்படி ஓர் அறையில் நின்று பேச்சைக் கேட்டுக்கொண்டே ஒரு காதை விரலால் நன்றாக மூடிப் பாருங்கள். அறை திடீரென்று அதிகமாக முழங்குவதாகத் தோன்றும். நான் எப்போதும் அந்த அறையில்தான் இருக்கிறேன்.

அதனால் இடம் தேர்ந்தெடுப்பதில் நான் இப்போது மிகவும் கறார். கூட்டத்துக்கு முன்கூட்டியே போய், மேசையின் இடது ஓரத்தில், எல்லோரும் என் வலப்பக்கம் வரும்படி உட்காருகிறேன். கேட்காத காதைச் சுவர்ப் பக்கமோ சத்தம் வரும் பக்கமோ வைத்துக்கொள்கிறேன். அந்தப் பக்க இரைச்சலைத் தலை நிழல் ஓரளவு தடுத்துவிடும், நிழல் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நண்பன். மூலையில் உட்கார்வது பலருக்கு உதவுவதில்லை, இரண்டு சுவரும் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். திரைச்சீலை, விரிப்பு, மெத்தை நாற்காலி உள்ள அறை கிடைத்தால் அதையே கேட்கிறேன். யாரோடு நடந்தாலும் அவரை வலப்பக்கம் வரச் சொல்லிவிடுகிறேன். இதற்கெல்லாம் காரணம் சொல்லக் கூச்சப்படாதீர்கள். "எனக்கு இந்தக் காது கேக்காது, இந்தப் பக்கம் உட்காரட்டுமா?" என்ற ஒரு வாக்கியம் போதும். சொல்லாவிட்டால் இடப்பக்கம் நின்று பேசியவர், தன்னை மதிக்கவில்லை என்று வருத்தப்பட்டுப் போவார். நீண்ட கூட்டத்துக்குப் பிறகு வரும் தலைவலியும் களைப்பும் உண்மையானவை. மூளை கிடைக்காத ஒலிகளையெல்லாம் ஊகித்து நிரப்பிக்கொண்டே இருக்கிறது. நடுவில் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு வருவேன்.

சாலையில் காதை நம்புவதை நிறுத்திவிட்டேன். ஹாரன் கேட்டால் அது ஒரு தகவல், 'வண்டி வருகிறது' என்பது மட்டும். எங்கிருந்து என்பதைக் கண்ணால் இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் முடிவு செய்கிறேன். சத்தம் கேட்டதும் ஒரு பக்கம் துள்ளி ஒதுங்குவது கூடவே கூடாது, ஒதுங்கும் பக்கமே வண்டி வரலாம். மின்சார வண்டிகள் மெதுவாகப் போகும்போது ஓசை மிகக் குறைவு. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் புதிய மின்சார, ஹைப்ரிட் கார்கள் எல்லாம் குறைந்த வேகத்தில் செயற்கை ஒலி எழுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. இரண்டு காதும் நன்றாக உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு சாலையில் நடந்தால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் நீங்களும் என்னைப் போலத்தான். சத்தம் கேட்கும், திசை தெரியாது.

கருவிகள் பற்றி. என்னைப் போன்றவர்களுக்கு முதலில் காட்டப்படுவது 'கிராஸ்' வகைக் காது கருவி. கேட்காத பக்கம் ஒரு மைக், அது பிடித்ததை வயர் இல்லாமல் நல்ல காதுக்கு அனுப்பும். தலை நிழல் பிரச்சினையை இது நன்றாகத் தீர்க்கிறது. இடப்பக்கம் உட்கார்ந்தவர் சொல்லும் 'சாவி' சாவியாகவே வருகிறது. ஆனால் எல்லாம் கடைசியில் ஒரே காதுக்குள் போவதால் திசை திரும்பக் கிடைக்காது. இடப்பக்கம் இரைச்சல் இருந்தால் அதையும் சேர்த்து நல்ல காதில் கொட்டும். அந்த நேரத்தில் அதை அணைத்துவிடுவதே மேல், நான் அப்படித்தான் செய்கிறேன். எலும்பு வழியாக அதிர்வை மறுபக்கம் அனுப்பும் கருவிகளுக்கும் இதே வரம்பு உண்டு. இரண்டாவது காதை உண்மையாகவே மீட்க முயல்வது காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது உள்காதுக்குள் பொருத்தி செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி, மட்டும்தான். செவி நரம்பு நன்றாக இருந்தால், அதுவும் காது போய் நெடுங்காலம் ஆகாமல் இருந்தால், பழகிய பிறகு பலருக்குத் திசை ஓரளவு திரும்புகிறது. அறுவை சிகிச்சை என்பதால் நிதானமாக முடிவெடுக்க வேண்டியது. எதை வாங்குவதானாலும் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) அறையின் அமைதியில் போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரைச்சலில் பேச்சைக் கேட்கும் சோதனையை, பேச்சு கேட்காத பக்கத்திலிருந்து வரும்படி வைத்து ஒருமுறை, நல்ல பக்கத்திலிருந்து வரும்படி வைத்து ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். சில நாள் வெளியில் போட்டுப் பார்க்கக் கொடுப்பார்களா என்று கேளுங்கள்.

காசில்லாமல் கிடைக்கும் உதவி ஒன்றும் இருக்கிறது. கைபேசியின் அணுகல்தன்மை அமைப்புகளில் 'மோனோ ஆடியோ' என்று ஒரு பொத்தான் இருக்கும். ஸ்டீரியோப் பதிவில் சில வாத்தியங்கள், சில சமயம் ஒருவருடைய குரலே, ஒரு பக்கம் மட்டும் இருக்கும். அதை இயக்கினால் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்து வரும். காலையில் எழுப்ப அதிரும் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல காது தலையணையில் புதைந்தால் மணி கேட்காது, புகை எச்சரிக்கைக் கருவியும் கேட்காது. மீதமிருக்கும் காதைக் காப்பதில் சமரசமே வேண்டாம். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பான எல்லை, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் கால் மணி நேரம். சத்தமான இடத்துக்குப் போனால் காதடைப்பான் இல்லாமல் போவதில்லை.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. புட்டாலம்மை ஒரு காதை மட்டும் செவிடாக்கிவிட்டுப் போவது உண்டு. பிறவியிலேயே ஒரு காது கேட்காத குழந்தைகளும் உண்டு. வீட்டில் கூப்பிட்டால் திரும்பும், பேச்சும் வரும், அதனால் பல வருடம் யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஒரு நாள் போனை அந்தக் காதில் வைத்து "ஒண்ணும் கேக்கலையே" என்று சொல்லும்போதுதான் தெரியவரும். கூப்பிட்டால் தப்பான பக்கம் திரும்புவது, போனை எப்போதும் ஒரே காதில் வைப்பது, வகுப்பறை இரைச்சலில் மட்டும் கவனம் சிதறுவது, டி.வி. பார்க்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் இரண்டு காதையும் தனித்தனியாகச் சோதித்துவிடுங்கள். ஒரு காது கேட்கவில்லை என்று தெரிந்தால் ஆசிரியரிடம் போய், முன்வரிசையில், நல்ல காது கரும்பலகையும் ஆசிரியரும் இருக்கும் பக்கம் வரும்படி, ஜன்னலும் மின்விசிறியும் கேட்காத காதின் பக்கம் இருக்கும்படி இடம் கேளுங்கள். வகுப்பு மாறும் ஒவ்வொரு வருடமும் புது ஆசிரியரிடம் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.